சாயங்காலச் சுகரை யார் பார்ப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் யாருக்காவது உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அல்லது நடக்கப் போகிறது என்றால், பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். மற்றவர்களும் படித்து வைக்கலாம். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் சென்னையிலிருந்து போன் செய்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அவனுக்கே நாற்பது வயது ஆகிறது. அவன் அம்மாவுக்கு ஈரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் குடும்பம் கொடுத்த ஈரல்.

"டீச்சர், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அம்மா எழுந்து நடக்கிறாங்க. சுகர் கூட காலைல 98தான். அது ஒண்ணுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தோம்."

"சாயங்காலம் எவ்வளவு இருக்கு?"

"சாயங்காலம் பாக்கலையே டீச்சர். ரூமுக்கு மாத்தினதுலேருந்து காலைல வெறும் வயித்துல ஒரு தடவைதான் பாக்குறாங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே பதிலை நானே சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையைச் சொல்கிறேன்.

என் தம்பிக்கு ரத்தக் கொதிப்பால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. சர்க்கரை நோய் கிடையாது. மூன்று வருஷம் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கடைசியில் அவன் மனைவியே தன் கிட்னி ஒன்றைக் கொடுக்க முன்வந்தாள். 1994-ஆம் வருஷத்துச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் பட்டியலில் கணவன் மனைவியும் உண்டு என்பதால் அனுமதி கிடைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் கணவன், மனைவி இரண்டு பேரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் கூட இருந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ரிட்டையர் ஆன அக்கா நான் ஒருத்திதான். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன போர்ஷன் வாடகைக்கு எடுத்தோம். நாலாம் நாள் அவளை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அங்கே இவனிடம் ஓடுவேன்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று வைத்திருந்தார்கள் தம்பிக்கு. சித்திரை மாதத்தில் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சிறுநீர் என்பதே மறந்துபோன மனுஷன். அப்படிப்பட்டவனுக்குப் புதுக் கிட்னி வைத்த முதல் நாளே ஐந்து லிட்டருக்கு மேல் போனது. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல "இன்னிக்கு எத்தனை லிட்டர்?" என்றுதான் கேட்டார்கள். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவனும் குடித்தான். பாட்டில் பாட்டிலாகக் குடித்தான். மூன்று வருஷத் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டே பார்த்தோம். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற ஆப்பிள் ஜூஸ் வாங்கிக் கொடுத்தது நான்தான். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

ஐ.சி.யூ.வில் இருந்தவரை சில மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகர் பார்த்திருக்கிறார்கள். ரூமுக்கு மாற்றியதும் 'ஏற்கெனவே சுகர் இல்லாதவர்' என்பதால் காலையில் ஒரு முறை என்று ஆக்கிவிட்டார்கள். 102, 96, 108. ரவுண்ட்ஸில் டாக்டர் கூட்டமாக வருவார், சார்ட்டைப் பார்ப்பார், "சுகர் நார்மல்" என்பார், நகர்ந்துவிடுவார். கிரியாட்டினின் எவ்வளவு என்பதில்தான் எல்லோர் கண்ணும்.

எட்டாம் நாள் ராத்திரி டூட்டிக்கு ஒரு சிஸ்டர் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தம்பி இரண்டாவது பாட்டிலைக் காலி செய்வதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவர் எப்பவும் இப்படித்தான் குடிக்கிறாரா?" என்று கேட்டார். நான் டயாலிசிஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே குளுக்கோமீட்டரை எடுத்து வந்து விரலில் குத்தினார். 412.

"அவன் இப்பத்தான் ஆரஞ்சு உரிச்சுச் சாப்பிட்டான் சிஸ்டர்" என்றேன். பழச்சாறு விரலில் ஒட்டியிருந்தால் மீட்டர் அதிகமாகக் காட்டும் என்பது உண்மைதான். அவரும் அதை மறுக்கவில்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லி, வேறு விரலில் பார்த்தார். 396.

அன்றைக்கு ராத்திரியே டாக்டரிடம் பேசி இன்சுலின் ஆரம்பித்தார்கள். அதற்குள் தையலில் ஒரு ஓரம் ஈரமாகவே இருந்து, சீழ் வைத்து, கூடுதலாக எட்டு நாள் தங்கவேண்டி வந்தது. சுகர் ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குப் புண் ஆறுவது எப்படியும் தாமதம்தான். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம், புண் ஆறாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏன் காலையில் 100, ராத்திரி 400? நான் டாக்டர் இல்லை. இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு 36 வருஷம் சாக்பீஸ் பிடித்தவள். ஆனால் புரியாத பாடத்தை விடுகிற பழக்கம் இல்லை. அந்தக் கூடுதல் எட்டு நாளில் யார் யாரையோ கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

புது உறுப்பை உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் இருக்க, ஆபரேஷன் சமயத்தில் ஸ்டீராய்டை ஊசியில் பெரிய அளவில் போடுகிறார்கள். பிறகு பிரட்னிசோலோன் மாத்திரையாகக் காலையில் கொடுத்து, வாரக்கணக்கில் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். ஸ்டீராய்டு உள்ளே போனால் ஈரல் சர்க்கரையை அதிகமாக வெளியே விடும். தசைகள் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. காலை எட்டு மணிக்குப் போட்ட மாத்திரையின் வேகம் மத்தியானத்துக்கு மேல் ஏறி, ராத்திரி வரை நிற்கும். விடிவதற்குள் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் நார்மல் என்றுதான் வரும். வகுப்பே கூச்சல் போட்டு அடங்கிய பிறகு எட்டிப் பார்க்கிற ஹெட்மாஸ்டர் "நல்ல அமைதியான கிளாஸ்" என்று எழுதிவிட்டுப் போவதுபோல.

ஸ்டீராய்டு மட்டும் இல்லை. டாக்ரோலிமஸ் என்று ஒரு மாத்திரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உறுப்பு மாற்று செய்துகொண்ட பெரும்பாலோர் அதைச் சாப்பிடுகிறார்கள். (ஜப்பானில் சுகுபா என்ற ஊர் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-ல் கண்டுபிடித்த மருந்து. ஒரு பிடி மண்ணுக்குள் இத்தனை உயிரைக் காப்பாற்றுகிற சரக்கு இருந்திருக்கிறது.) அந்த மருந்து கணையத்தில் இன்சுலின் சுரப்பதையே குறைக்கிறது. ஆக, ஒரு மருந்து இன்சுலினை வேலை செய்யவிடாது, இன்னொன்று இன்சுலினைச் சுரக்கவிடாது. இரண்டையும் நிறுத்தவும் முடியாது. ஆபரேஷனின் அதிர்ச்சி, குளுக்கோஸ் டிரிப், காய்ச்சல் ஏதாவது இருந்தால் அது என்று எல்லாம் இதற்கு மேல் சேரும்.

கிட்னி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. இன்சுலினை உடைத்து வெளியேற்றுகிற வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது கெட்டுப்போகும்போது இன்சுலின் உடம்பில் ரொம்ப நேரம் தங்கும், சுகர் தானாக இறங்கும். எங்கள் தெருவில் ஒருவர் "கிட்னி கெட்டதும் கெட்டது, சுகர் மட்டும் சரியாப் போச்சு, ஊசியே வேண்டாம்னுட்டாங்க" என்று சந்தோஷப்படுவார். பாவம், அது சரியானதில்லை. அப்படிப்பட்டவருக்கு நல்ல கிட்னி வைத்தால் பழைய சர்க்கரை நோய் பழைய பலத்தோடு திரும்பி வரும், ஸ்டீராய்டும் கூடவே சேர்ந்துகொள்ளும்.

இதெல்லாம் புதிதாக யாரோ கண்டுபிடித்த சங்கதி இல்லை. கிட்னி மாற்று தொடங்கிய 1960-களிலேயே டாக்டர்கள் இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். முதல் சில வாரங்களில் கிட்னி மாற்று செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சுகர் ஏறும் என்று சொல்கிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் இல்லாதவர்களும் இதில் அடக்கம். ஏறப்போகிறது என்று தெரியும், எந்த நேரத்தில் ஏறும் என்றும் தெரியும். அப்புறம் ஏன் ஏறாத நேரமாகப் பார்த்து ரத்தம் எடுக்கிறோம்? என் கேள்வி இவ்வளவுதான். பதில் சொன்ன ஒரு டாக்டர், "மேடம், காலைல எல்லா டெஸ்ட்டுக்கும் சேர்த்து ஒரே தடவையா ரத்தம் எடுத்துடுவாங்க, அதான்" என்றார். லேபின் வசதிக்காக!

டாக்டர்கள் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். அவர்களுக்கு முதல் கவலை உறுப்பு நிராகரிக்கப்படக் கூடாது என்பதுதான். அது சரியும்கூட. சுகர் ஏறுகிறதே என்று யாராவது வீட்டில் ஸ்டீராய்டையோ டாக்ரோலிமஸையோ தாங்களாகக் குறைத்தால் ஒரு மனுஷி கொடுத்த கிட்னியைக் குப்பையில் போடுவதற்குச் சமம். தயவுசெய்து அந்தக் காரியத்தை மட்டும் யாரும் செய்யாதீர்கள். சுகரை அடக்க இன்சுலின் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த புதிதில் உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தினம் மாறும்போது மாத்திரைகளைவிட இன்சுலின்தான் கைக்கு அடங்கியது, தேவைக்கு ஏற்றிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம்.

"இன்சுலின் ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது" என்று பயமுறுத்துகிற சொந்தக்காரர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் பெரியப்பா மகன் போனிலேயே தம்பியை அழவைத்துவிட்டார். ஸ்டீராய்டு குறையக் குறைய நிறையப் பேருக்கு இன்சுலின் தேவையும் குறைந்து நின்றுபோகிறது. ஒரு பகுதியினருக்குச் சர்க்கரை நோயாக நிலைத்துவிடுவதும் உண்டு. அதனால்தான் மருத்துவமனையில் இருக்கும்போதே 'உங்களுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது' என்று முத்திரை குத்தக் கூடாது, வீட்டுக்குப் போய் மருந்து அளவெல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு பார்த்துத்தான் பெயர் வைக்கவேண்டும் என்று 2014-ல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை சொல்கிறது. பெயர் வைப்பதைத்தான் தள்ளிப்போடச் சொன்னார்கள். வைத்தியத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை.

வியன்னாவில் 2012-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியை ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். கிட்னி மாற்று செய்துகொண்ட 50 பேர். பாதிப் பேருக்குச் சாயங்காலச் சுகர் 140-ஐத் தொட்டதுமே இன்சுலின். மற்றவர்களுக்கு வழக்கம்போல, நன்றாக ஏறிய பிறகு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சீக்கிரம் இன்சுலின் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட அப்போது இன்சுலின் தேவைப்படவில்லை. இதைக் கேட்டு நான் துள்ளிக் குதித்தேன். அவரே, "இருங்க மேடம், அப்புறம் இதைவிடப் பெரிய ஆராய்ச்சி ஒண்ணு 2021-ல வந்துச்சு, அதுல இவ்வளவு தெளிவா வித்தியாசம் தெரியலை, தாழ்சுகர்தான் கொஞ்சம் அதிகமாச்சு" என்றார். இன்னும் முடியாத விவாதம் அது. நான் கவனித்தது வேறு. வியன்னாக்காரர்கள் முடிவெடுக்கப் பார்த்தது எந்தச் சுகரை? சாயங்காலத்தை.

அதற்காக ஒரேயடியாகச் சுகரை இறக்கு, 100-க்குக் கொண்டுவா என்று சிஸ்டர்களிடம் சண்டை போடாதீர்கள். நானும் போட்டேன், அதனால் சொல்கிறேன். தம்பிக்கு 170 காட்டிய நாளில் "இன்னும் ரெண்டு யூனிட் ஏத்துங்களேன்" என்று நச்சரித்தேன். அந்தச் சிஸ்டர் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. 2009-ல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது. சுகரை 81-லிருந்து 108-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்துபோனார்கள். 180-க்குக் கீழே என்று கொஞ்சம் தளர்த்தி விட்டவர்களில் 24.9 சதவீதம். இறுக்கிப் பிடித்ததில் தாழ்சுகர் பல மடங்கு அதிகம். அதற்குப் பிறகுதான் மருத்துவமனையில் இருக்கும் பெரும்பாலான நோயாளிகளுக்கு 140-லிருந்து 180 வரை இருந்தால் போதும் என்று ஆனது. 412-ம் ஆபத்து, 42-ம் ஆபத்து. இரண்டில் 42 இன்னும் சீக்கிரமாக ஆளை வீழ்த்திவிடும்.

அந்த 42-க்குப் பக்கத்தில் நாங்களும் போய்வந்தோம்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பகல் மூன்று மணி. பில் கட்டுகிற வரிசையில் நான் நிற்கிறேன். ஒருவர் வந்து, "யார் இன்சுலின் போடப் போறீங்க?" என்றார். நான் கையைத் தூக்கினேன். அங்கேயே ஓரமாக நிறுத்தி, ஒரு சிரிஞ்சை எடுத்து, இப்படி இழுக்கணும், இப்படிக் குத்தணும், காலை இத்தனை, ராத்திரி இத்தனை, ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பத்து நிமிஷம் முடிந்தது. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது." புரியவில்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. 36 வருஷம் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது டீச்சர்" என்ற பதிலை நம்பாமல், கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடவைத்தவள் நான். செய்து காட்டு, செய்யச் சொல், தப்பைத் திருத்து, மறுபடி செய்யச் சொல். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதல் பாடமே அதுதான். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அது ஏன் இல்லை?

பத்து நிமிஷத்தில் அவர்கள் சொல்லாத ஒன்று சிரிஞ்ச் கணக்கு. நம் ஊர் மருந்துக் கடையில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்ச் ஒன்றும் விற்கிறது, அதற்கு ஆரஞ்சு மூடி. நாங்கள் தங்கியிருந்த தெருக் கடையில் சிவப்பு தீர்ந்துபோய் ஆரஞ்சைக் கொடுத்தார்கள். 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது எட்டே யூனிட். பாதிக்கும் குறைவு. மாற்றி, 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஐந்தாம் வகுப்பு தசமக் கணக்குதான். எனக்கு மூடியின் நிறம் உறுத்தியதால் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்துத் தப்பித்தேன். படிக்கத் தெரியாத ஒரு அம்மா என்ன செய்வார்?

மூன்றாவது வாரம் செக்கப்பில் கிட்னி டாக்டர் ஸ்டீராய்டைக் குறைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். சுகர் டாக்டரிடம் அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளி இருந்தது. இன்சுலின் அளவைப் பற்றி இவரும் பேசவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. நான் சீட்டில் இருந்தபடி அதே அளவைப் போட்டுக்கொண்டே வந்தேன். நாலாம் நாள் ராத்திரி மூன்று மணிக்குத் தம்பி மனைவி வந்து எழுப்பினாள். "அண்ணி, இவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது, என்னமோ சம்பந்தமில்லாம பேசறாரு." மீட்டரில் 46. அவனுக்கு நினைவு இருந்தது, விழுங்கத் தெரிந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தோம். பதினைந்து நிமிஷம் கழித்து 63. மறுபடி ஒரு டம்ளர். 94. அப்புறம் இரண்டு பிஸ்கட். விடியும் வரை மூன்று பேரும் தூங்கவில்லை. கிட்னியைக் கொடுத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஓடிப்போய்ச் சொன்னபோது, "ஸ்டீராய்டு குறையும்போது இன்சுலினும் குறைக்கணுமே, யாரும் சொல்லலையா?" என்று எங்களையே கேட்டார்கள்.

அன்றைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். குறுக்கே நாள். நெடுக்கே ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், டாக்ரோலிமஸ் எவ்வளவு, காலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்முன் என்று சுகர் நாலு கட்டம், இன்சுலின் எத்தனை யூனிட், கடைசியில் என்ன சாப்பிட்டான் என்று ஒரு அகலமான கட்டம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்த நோட்டை மேஜைமேல் விரித்து வைத்துவிடுவேன். ஒருவர்கூட எரிச்சல்படவில்லை. இரண்டு டாக்டர்கள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்டீராய்டு கட்டமும் இன்சுலின் கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், ஒன்றைக் குறைக்கிறபோது இன்னொன்று தானாகக் கண்ணில் பட்டது.

ஆகவே மருத்துவமனைகளிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லாத காரியம். ஸ்டீராய்டு சாப்பிடுகிற நாள் வரை, முன்பு சுகர் இருந்தவரோ இல்லாதவரோ, மத்தியானத்துக்கு மேலும் ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரிப்பின் விலை ஒரு காபி, டீ விலைதான். லட்சக்கணக்கில் ஆகிற ஆபரேஷனில் அது ஒரு கணக்கா? இன்சுலின் தேவைப்படும் என்று தெரிந்த அன்றைக்கே கூட இருப்பவரின் கையில் சிரிஞ்சைக் கொடுத்து, தினமும் சிஸ்டர் முன்னால் போடவையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டீராய்டு குறையும் தேதிக்கு நேராக இன்சுலினை என்ன செய்யவேண்டும், யாருக்குப் போன் செய்யவேண்டும் என்று தமிழில் எழுதுங்கள்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். இன்சுலின் ஊசி ஏழரைக்கு, இட்லி வருவது ஒன்பதுக்கு என்று இருக்கக் கூடாது. நாங்கள் இருந்த இடத்தில் பல நாள் அப்படித்தான் நடந்தது. ஊசி போடுகிறவர் ஒரு டிபார்ட்மென்ட், சாப்பாடு கொண்டுவருகிறவர் காண்டிராக்ட் ஆள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசியில் தட்டு வந்த பிறகுதான் கையை நீட்டுவது என்று தம்பியே வைத்துக்கொண்டான்.

கூட இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஜூஸும்தான் கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துவிட்டு நீங்கள் குடியுங்கள். "பாகற்காய் சாறு கொடு, சிறுகுறிஞ்சான் பொடி கொடு, சுகர் ஓடிப்போயிடும்" என்பவர்களிடம் தலையை ஆட்டிவிட்டு அனுப்பிவிடுங்கள். நாட்டு மருந்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எந்த மூலிகை டாக்ரோலிமஸோடு எப்படி மோதும் என்று நமக்குத் தெரியாது. பழமே மோதும். பம்ப்ளிமாஸ் பழம் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தொடவே கூடாது. இளநீரும் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம், இந்த மருந்தும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது.

மூன்று மாதச் சராசரி சுகர் டெஸ்ட் என்று ஒன்று எடுப்பார்களே, அது ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் நம்பத்தக்கதில்லை. ரத்தசோகை, ரத்தம் ஏற்றியது, ரத்தம் ஊறப் போட்ட ஊசி எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். அது நன்றாக வந்திருக்கிறது என்று விரலில் குத்துவதை நிறுத்திவிடாதீர்கள்.

தம்பி நன்றாக இருக்கிறான். ஐந்து மாதத்தில் இன்சுலின் நின்றது. இப்போது ஒரு மாத்திரை, நடை, அரிசியைக் குறைத்தாயிற்று. அவன் மனைவி வயல் வேலைக்குப் போகிறாள்.

மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மாவுக்கு ஈரல் கொடுத்தவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்ததே, அப்படி ஏதோ ஒரு ஊரில் அதிகாரிகள் மாலை வைத்த ஒரு வீடு இருக்கும். "அந்த வீட்டை நினைச்சுக்கோடா, வெட்கப்படாம போய்க் கேளு" என்றேன். போய்க் கேட்டான். சாயங்காலம் ஏழு மணிக்குப் பார்த்தார்கள், 294. அன்றைக்கே இன்சுலின் ஆரம்பித்தார்கள். முந்தாநாள் 210, நேற்று 176. இப்போது சிஸ்டர் முன்னால் அவனே ஊசி போடப் பழகுகிறான்.

நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டு நேற்று ராத்திரி படம் அனுப்பியிருந்தான். எல்லாக் கோடும் கோணல். ஐந்தாம் வகுப்பிலும் அவன் ஸ்கேல் வைத்துக் கோடு போட மாட்டான். என்னுடைய பழைய நோட்டின் ஒரு பக்கத்தைக் கமெண்டில் போட்டிருக்கிறேன், வேண்டியவர்கள் அதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.